எலும்பும் தோலுமாக வந்த பூனை: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: பல நாட்கள் பூட்டிக் கிடந்த ஒரு சேமிப்பறையைத் திறந்தபோது உள்ளே ஒரு பெண் பூனை இருந்தது. எத்தனை நாள் அடைபட்டிருந்ததோ தெரியவில்லை. வளர்ந்த பூனைதான், ஆனால் எடை இரண்டு கிலோ மட்டுமே. முதுகெலும்பின் கணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கிண்ணத்தைக் கண்டதும் பாய்ந்து விழுங்குகிறது. விழுங்கியதில் பாதியை வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் கேட்டுக் கத்துகிறது. கேட்கும்போதெல்லாம் உணவு வைக்கலாமா? மறுக்க மனம் வரவில்லை.

பதில்: வைக்கக் கூடாது. உங்கள் கடிதம் அச்சில் வரும்வரை காத்திருக்கக் கூடிய விஷயம் அல்ல என்பதால் உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக அதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன்.

உணவே கிடைக்காத உடல் முதலில் தன் கொழுப்பையும், பிறகு தசையையும் கரைத்து உயிரைத் தாங்குகிறது. அந்த நாட்களில் உயிரணுக்களுக்குள் இருக்கும் பாஸ்பேட்டு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய தாது உப்புகள் சிறிது சிறிதாக வெளியேறிவிடுகின்றன. ஆனால் இரத்தத்தில் அவற்றின் அளவு ஓரளவு சரியாகவே தெரியும். இந்த நிலையில் திடீரென்று வயிறு நிறைய உணவு, குறிப்பாக மாவுச்சத்து மிகுந்த உணவு, உள்ளே போனால் இன்சுலின் சட்டென்று சுரக்கிறது. சர்க்கரை உயிரணுக்களுக்குள் நுழையும்போது இரத்தத்தில் எஞ்சியிருந்த அந்தத் தாது உப்புகளும் அதனோடு உள்ளே இழுக்கப்படுகின்றன. இரத்தத்தில் பாஸ்பேட்டு அளவு மிகவும் சரிந்தால் பூனையின் சிவப்பணுக்கள் உடைந்து போகின்றன. பொட்டாசியம் சரிந்தால் தசைகள் தளர்ந்து, இதயத்துடிப்பு தாறுமாறாகிறது. மருத்துவர்கள் இதை ‘ரீஃபீடிங் சிண்ட்ரோம்’ என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் சிலர், பசியால் சாகாதவர்கள், உணவு கிடைத்த பிறகு இறந்தார்கள். மருத்துவ உலகம் இந்தக் கோளாற்றை உற்றுக் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். பூனைக்கும் நடப்பது அதுவேதான். பெரும்பாலும் உணவு கொடுக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் இது தலைகாட்டும்.

ஆகவே அளவு முக்கியம். அசையாமல் படுத்திருக்கும் ஒரு பூனைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அடிப்படை ஆற்றலைக் கணக்கிட ஓர் எளிய வாய்பாடு உண்டு: எடையைக் கிலோவில் எடுத்து 30 ஆல் பெருக்கி, அதனோடு 70 ஐக் கூட்ட வேண்டும். இரண்டு கிலோ பூனைக்கு 130 கலோரி வரும். இதைவிட நுட்பமான வாய்பாட்டில் போட்டால் ஏறக்குறைய 118 கலோரி வரும். எனவே 120 என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே பலரும் செய்யும் தவறு, ‘இது நான்கு கிலோ இருக்க வேண்டிய பூனை’ என்று எண்ணி நான்கு கிலோவுக்குக் கணக்குப் போடுவது. இன்று தராசில் காட்டும் எடைதான் கணக்கு. முற்றிலும் பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாள் அந்த 120 இல் கால் பங்கு, அதாவது 30 கலோரி போதும். மறுநாள் பாதி, அதற்கடுத்த நாள் முக்கால் என ஏற்றி, நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் முழு அளவைத் தொடலாம். இடையில் சோர்வோ வாந்தியோ கண்டால் ஏற்றாமல் அதே அளவில் நிறுத்தி, மருத்துவரைக் கேட்க வேண்டும். டப்பாவில் வரும் ஈர உணவு பெரும்பாலும் கிராமுக்கு ஒரு கலோரியை ஒட்டியே இருக்கும் என்பதால், முதல் நாளைக்கு முப்பது கிராம் என்பது உத்தேசக் கணக்கு; சரியான எண் டப்பாவின் மீதே அச்சிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அந்த முப்பது கிராமையும் ஒரே வேளையில் கொடுக்காமல் ஆறு வேளையாகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும். பார்க்கக் கொடுமையாக இருக்கும். பூனையும் உங்களைக் கொடியவராகவே நினைக்கும். அந்தக் கத்தலைப் பொறுத்துக்கொள்வதுதான் முதல் வாரத்தில் உங்களுக்குள்ள கடினமான வேலை.

விழுங்கியதை வாந்தியெடுப்பது பெரும்பாலும் வேகத்தால் வருவது. கிண்ணத்தை எடுத்துவிட்டு, அகலமான தட்டில் உணவை மெல்லிய பூச்சாகத் தடவி வைத்தால் நக்கித்தான் தின்ன முடியும். வேகம் தானாகக் குறையும். அப்படியும் ஒவ்வொரு வேளையும் வாந்தி வந்தால் காரணம் வேறு.

உணவுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உடல் சூடு. பூனையின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். கொழுப்பே இல்லாத உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். காதும் பாதமும் சில்லென்று, தொட்டாலும் அசையாமல் கிடக்கும் பூனைக்கு உணவு கொடுத்தால் குடல் அதைச் செரிக்காது. முதலில் கம்பளித் துணியில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்து மெல்லச் சூடாக்க வேண்டும். தோலின் மேல் நேரடியாகச் சூடு படக் கூடாது. இரண்டாவது, நீர்ச்சத்து. கழுத்துத் தோலை இழுத்துவிட்டு அது எவ்வளவு விரைவில் படிகிறது என்று பார்க்கும் முறை பலருக்குத் தெரியும். ஆனால் எலும்பும் தோலுமான பூனையிடம் அது பொய் சொல்லும், ஏனெனில் அடியில் கொழுப்பு இல்லாத தோல், நீர்ச்சத்து சரியாக இருந்தாலும் மெதுவாகவே படியும். ஈறுகளைத் தொட்டுப் பாருங்கள்; வழவழப்பாக ஈரமாக இல்லாமல் விரலில் ஒட்டினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. தோலுக்கடியிலோ இரத்தக்குழாயிலோ திரவம் ஏற்றுவதை மருத்துவரே செய்ய வேண்டும்.

இவ்வளவும் சொன்னது மருத்துவரிடம் போகாமல் சமாளிப்பதற்காக அல்ல. பாஸ்பேட்டு, பொட்டாசியம், சர்க்கரை, சிவப்பணு அளவு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையை முதல் நாளும், முதல் வாரத்துக்குள் ஓரிரு முறையும் செய்துவிடுவது நல்லது. பட்டினியில் தீர்ந்துபோகும் தயமின் என்ற பி1 வைட்டமினை முதலிலேயே ஊசியாகக் கொடுப்பதும் வழக்கம். தலையை நிமிர்த்த முடியாமல் தாடை மார்பில் படியும்படி கழுத்து தொங்கினாலோ, சிறுநீர் செம்பழுப்பாகப் போனாலோ, மூச்சு வேகமாக இரைத்தாலோ, நடை தள்ளாடினாலோ காலைவரை காத்திருக்காமல் உடனே கொண்டு போங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. பெண் பூனை என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் முலைக்காம்புகள் வீங்கிச் சிவந்திருந்தால் அந்தச் சேமிப்பறையை மீண்டும் ஒருமுறை மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பாருங்கள். குட்டிகள் இருந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. பால் கொடுக்கும் பூனைக்குத் தேவைப்படும் ஆற்றல் பல மடங்கு கூடுதல். குட்டிகளுக்கு வேறு பால் ஏற்பாடு செய்து தாயைத் தேற்றுவதா, என்ன செய்வது என்பதை மருத்துவரோடு கலந்து முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: தெருவில் திரிந்து மெலிந்துபோன ஒரு பூனையை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டோம். அங்கங்கே கிடைத்ததைத் தின்று வாழ்ந்ததுதான். பால், முட்டை, வேகவைத்த கோழி, எங்கள் நாயின் உணவு ஆகியவற்றைக் கலந்து கொடுத்து வருகிறோம். சத்து மருந்தும் வாங்கினோம். இது போதுமா?

பதில்: அன்றாடம் ஏதோ தின்றுகொண்டிருந்த பூனை என்றால் முந்தைய பதிலில் சொன்ன அபாயம் வெகுவாகக் குறைவு, ஓரிரு நாட்களிலேயே முழு அளவுக்கு வந்துவிடலாம். உங்கள் பட்டியலில் முதலில் நிறுத்த வேண்டியது பால்தான். பூனையையும் பாலையும் சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோசைச் செரிக்கும் நொதி போதுமான அளவில் சுரப்பதில்லை. மெலிந்த உடம்பில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் நீங்கள் ஊட்டிய எடை ஒரே நாளில் இறங்கிவிடும்.

நாய் உணவும் வேண்டாம். பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. டாரின் என்னும் அமினோ அமிலத்தைத் தன் தேவைக்குப் போதுமான அளவு அதனால் உடலுக்குள் தயாரித்துக்கொள்ள முடியாது. டாரின் குறைந்தால் பூனைகளின் இதயத் தசை தளர்ந்து விரிகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987 இல் நிறுவினார்கள். அதன் பிறகுதான் பூனை உணவு தயாரிப்பவர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள், அந்த நோயும் அரிதாயிற்று. நாய் உணவு அந்தக் கணக்கில் தயாரிக்கப்படுவதில்லை. ஓரிரு வேளை தின்றால் ஒன்றும் ஆகாது. அதையே உணவாக்குவதுதான் தவறு.

வேகவைத்த கோழி நல்லதுதான், பசியைத் தூண்டும். ஆனால் வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. வாரக்கணக்கில் அதை மட்டும் கொடுத்தால், குறிப்பாகக் குட்டிகளின் எலும்பு வலுவிழக்கும். வெங்காயமும் பூண்டும் சிறிதளவும் சேரக் கூடாது. அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இரத்தம் ஊறட்டும் என்று ஈரலைத் தினமும் கொடுப்பவர்கள் உண்டு; அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்து, கழுத்தெலும்பும் மூட்டுகளும் இறுகிப்போகும். சில வகைப் பச்சை மீன்களில் தயமினை அழிக்கும் நொதி இருக்கிறது. முட்டையை வேகவைத்து, எப்போதாவது சிறிது கொடுக்கலாம்.

பிறகு எதைத்தான் கொடுப்பது என்றால், குட்டிப் பூனைகளுக்கென்று தயாரிக்கப்படும் ஈர உணவைத்தான் சொல்வேன். வளர்ந்த பூனைக்கும் அது பொருந்தும். புரதமும் கொழுப்பும் கூடுதல், மாவுச்சத்து குறைவு, நான்கில் மூன்று பங்கு தண்ணீர். நோயுற்ற பூனைகளுக்கான தனி உணவுகளும் மருத்துவர்களிடம் கிடைக்கும். உலர் உணவில் மாவுச்சத்து மிகுதி என்பதால் முதல் சில நாட்களுக்கு அது வேண்டாம். குடல் பழகிய பிறகு, கிராமுக்கு மூன்றரை முதல் நான்கு கலோரி தரும் அதே உலர் உணவு எடை கூட்ட உதவும். உணவை மாற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். சத்து மருந்தைப் பொறுத்தவரை, முழுமையான பூனை உணவு தின்னும் பூனைக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. எங்கும் விற்கும் அந்தப் புட்டிகளால் மனிதரின் மனம்தான் தேறுகிறது.

கேள்வி: நாங்கள் மீட்ட பூனை உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. இரண்டு நாளாயிற்று. சிரிஞ்சில் எடுத்து வாயில் ஊட்டலாமா? காய்ச்சல்போல் இருப்பதால் மனிதர்களுக்கான மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: மாத்திரையைத் தொடாதீர்கள். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ஒரே ஒரு மாத்திரை உயிரைப் பறிக்கும், அதில் ஒரு துண்டே நஞ்சாகக்கூடும்.

இரண்டு நாள் என்பது பூனைக்கு நீண்ட காலம். மனிதரைப்போல் அது உண்ணாவிரதம் இருக்க முடியாது. உணவு நின்றதும் உடற்கொழுப்பு கல்லீரலுக்குள் வந்து குவிந்து அதை முடக்கிவிடும். பருத்த பூனைகளுக்குத்தான் இந்த அபாயம் மிகுதி என்றாலும் உங்கள் பூனைக்கு அது வராது என்று சொல்வதற்கில்லை. காதின் உட்புறமோ ஈறோ கண்ணின் வெண்மையோ மஞ்சளாகத் தெரிந்தால் அது தொடங்கிவிட்டது என்று பொருள். எனவே இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

முகர்ந்துவிட்டுத் திரும்புகிறது என்ற உங்கள் குறிப்பு எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. பூனை மூக்கால்தான் பசியை உணர்கிறது. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் எந்த உணவும் அதற்கு உணவாகத் தோன்றாது. மூக்கையும் கண்ணையும் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, உணவை உடல் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கி வைத்துப் பாருங்கள், மணம் எழும். அருகே போய், வாயைத் திறந்து, பிறகு முனகிப் பின்வாங்கினால் மூக்கில் அல்ல, வாயில்தான் கோளாறு: ஈறு அழற்சி, உடைந்த பல், நாக்கில் புண். வாசமே பிடிக்காமல் எச்சில் ஊற, உதட்டை நக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டால் குமட்டல். இந்த மூன்றில் எது என்று மருத்துவரிடம் சொல்ல முடிந்தால் அவருடைய வேலை பாதி முடிந்துவிடும்.

இடமும் காரணமாகலாம். புதிய வீட்டில், நான்கு பேர் சுற்றி நின்று பார்க்கும்போது அச்சப்படும் எந்தப் பூனையும் தின்னாது. நுழைந்து ஒளிய ஓர் அட்டைப்பெட்டி, மலத்தொட்டியிலிருந்து தள்ளி வைத்த உணவுத் தட்டு, மூடிய கதவு. இரவு முழுவதும் அப்படி விட்டுப்பாருங்கள்.

சிரிஞ்சில் ஊட்டுவதை நான் பொதுவாக ஊக்குவிப்பதில்லை. திமிறும் பூனையின் மூச்சுக்குழாய்க்குள் உணவு போனால் நிமோனியா வரும். அது நேராவிட்டாலும், வலுக்கட்டாயமாகத் திணித்த உணவின் மீது பூனை நிரந்தர வெறுப்புக் கொண்டுவிடும். உடம்பு தேறிய பிறகும் அந்த உணவைத் தொடாது. பசியைத் தூண்டும் மிர்டசபின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். அதற்கும் மசியாவிட்டால் மூக்கு வழியாகவோ கழுத்தின் பக்கவாட்டிலோ உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் பொருத்துவார்கள். ‘குழாயா?’ என்று பதறுகிறவர்கள் பலர். ஆனால் கழுத்தில் பொருத்திய குழாயோடு வாரக்கணக்கில் வீட்டில் நடமாடி, அதன் வழியே உணவும் மருந்தும் பெற்றுத் தேறும் பூனைகள் ஏராளம். சண்டையில்லாமல் ஊட்ட அதைவிட எளிய வழி கிடையாது.

கேள்வி: ஏற்கெனவே இரண்டு பூனைகள் உள்ள வீடு. புதிதாக வந்த மெலிந்த பூனையை எப்போது அவற்றோடு சேர்க்கலாம்? குளிப்பாட்டி, தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்துவிட்டால் எல்லாம் ஒரே மூச்சில் முடியுமே?

பதில்: ஒரே மூச்சில் முடித்தால் பூனையின் மூச்சும் முடிந்துவிடலாம். குறைந்தது இரண்டு வாரம் தனி அறை, தனித் தட்டு, தனி மலத்தொட்டி. பூனை லூக்கீமியா வைரசுக்கும், பூனையின் நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. வைரசுக்கும் பரிசோதனை செய்த பின்னரே சேர்க்கலாம். குளியல் வேண்டாம், குளிர்ந்துவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனைக்கானதா என்று இருமுறை படித்துப் பாருங்கள். நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு. தடுப்பூசியின் நாளை மருத்துவர் உடல்நிலையைப் பார்த்துக் குறிப்பார். கருத்தடைக்கு எடை தேறும்வரை பொறுக்கலாம், அதுவரை வெளியே விடாதீர்கள். அது உங்களைக் கடித்திருந்தாலோ பிறாண்டியிருந்தாலோ காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்காக அன்றே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மீட்டு ஆறு வாரம் ஆகிறது. நன்றாகவே தின்கிறது, ஆனால் எடை ஏறவில்லை. வயது பத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். உணவை இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்டுவதற்கு முன், ஏறவில்லை என்பதை எப்படி அளந்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. பூனையைத் தூக்கிக்கொண்டு மனிதர் நிற்கும் எடைக்கருவியில் ஏறி, பிறகு தன் எடையைக் கழித்துப் பார்ப்பார்கள்; அதில் நூறு, இருநூறு கிராம் மாற்றம் தெரியவே தெரியாது. மூன்று கிலோ பூனைக்கு நூறு கிராம் என்பது பெரிய செய்தி. குழந்தைகளுக்கான எடைத்தராசில், வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், உணவுக்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள். கையாலும் அளக்கலாம். உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறையில் 5 என்பது சரியான நிலை: விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தடவினால் மெல்லிய கொழுப்புக்கடியில் எளிதாகத் தட்டுப்படும். 1 என்றால் குட்டைமுடிப் பூனையில் விலா பார்த்தாலே தெரியும், வயிறு ஒட்டியிருக்கும். தசையைத் தனியாகப் பாருங்கள். வயிறு உருண்டு, முதுகுத்தண்டின் இருபுறமும் பள்ளமாகவே இருக்கும் பூனை தேறிவிட்டதாகப் பொருளில்லை.

நான்கு கிலோவை எட்ட வேண்டிய பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வரை போதும். அவ்வளவும் தின்று, ஆறு வாரத்தில் ஏறவில்லை என்றால் உணவைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். குடற்புழு மருந்து ஒரே ஒரு முறை கொடுத்திருந்தால் அது போதாது. முதல் முறை தப்பிய இளம்புழுக்களுக்காக இரண்டு வாரம் கழித்து மீண்டும் கொடுக்க வேண்டும். நாடாப்புழுவுக்கு வேறு மருந்து. தெள்ளுப்பூச்சியை ஒழிக்காதவரை அது திரும்பத் திரும்ப வரும், ஏனெனில் தன்னை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கித்தான் பூனை அந்தப் புழுவைப் பெறுகிறது.

புழு இல்லை என்றால், பத்து வயதைக் கடந்து, நன்றாகத் தின்றும் இளைக்கும் பூனையில் நான் முதலில் சந்தேகிப்பது தைராய்டு மிகையாகச் சுரப்பதை. இரவில் காரணமின்றிக் கத்துவது, ஓரிடத்தில் நில்லாமை, படபடக்கும் இதயம் ஆகியவை அதனோடு வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. தண்ணீர் மிகுதியாகக் குடித்து மலத்தொட்டியை நிறையச் சிறுநீரால் நனைக்கிறது என்றால் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் பட்டியலில் சேரும். மருத்துவரிடம் போகும்போது ஆறு வாரத்து எடைக்குறிப்பையும், தினம் கொடுத்த உணவின் பெயரையும் அளவையும், அன்று காலை போன மலத்தில் சிறிதையும் மூடியுள்ள டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.